ஊரறிந்த எழுத்தாளரும் ஊராரின் கடமையும்

(திருவிழாவையொட்டிப் பிடோக் வட்டாரத்தில் நடைபெற்ற இலக்கிய அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடைகளில் சான்றோரைச் சிறப்பித்தல் தமிழர் போற்றி வரும் மரபாகும். நாதசுவரக் கலைஞர்க்குப் பொன்னாடை, ஓதுவார்க்கு மாலை, நெடுநாள் தொண்டூழியர்க்கு நினைவுச் சின்னம் என்று அச்சிறப்புகள் அமைகின்றன. அவ்வரிசையில் கதையும் நாவலும் எழுதுவோர்க்கும் இடம் கிடைத்து வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், இவர்களுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. நாதசுவரக் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தும் கூட்டம் அவருடைய வாசிப்பைச் சற்றுமுன் காதாரக் கேட்ட கூட்டம். ஓதுவாரின் குரலில் உருகிய நெஞ்சங்களே அவர்க்கு மாலை சூட்டுகின்றன. நாவலாசிரியரின் கலையோ பூட்டிய அறையில், விளக்கடியில், பல ஆண்டுகள் தனிமையில் நிகழ்வது. அவர்க்குக் கை தட்டுவோருள் அவருடைய நூலைப் படித்தவர் எத்தனை பேர் என்பது அக்கூட்டத்திற்கும் தெரியாது, அவர்க்கும் தெரியாது.

இந்த வேறுபாட்டிலிருந்தே இன்றைய உரையின் பொருள் தொடங்குகிறது. தம் வட்டாரத்தில் எவரும் அறியாதவராய் வாழ்ந்து எழுதிய ஒருவர், ஒருநாள் ஊரறிந்தவராகிவிடின், அவர் வாழ்வு எவ்வாறு மாறுகிறது? அம்மாற்றத்தை அவர் எவ்வாறு ஏற்கிறார்? அவர்க்கு ஊரார் ஆற்ற வேண்டிய கடமை யாது?

உள்ளூர் மாடும் உள்ளூர் எழுத்தாளரும்

உள்ளூர் மாடு விலை போகாது என்பது பழமொழி. எழுத்தாளர் திறத்தில் இப்பழமொழி பாதி உண்மையே. விலை போகாத காலத்தில் அவர்க்கு ஒரு பெரும் வசதி உண்டு. அவர் எங்கும் நின்று எதையும் கேட்கலாம்.

பிடோக் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரண்டு இலட்சத்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழும் வட்டாரம் இது. 1966ஆம் ஆண்டு முதல் இதன் கடலோரம் தூர்க்கப்பட்டது. சிக்லாப், பிடோக் குன்றுகளின் மண் வெட்டியெடுக்கப்பட்டுக் கடலில் கொட்டப்பெற்றது. குன்று இருந்த இடமும் மாறிற்று. அலை அடித்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. மணல் தோண்டிய பெருங்குழி 1980களில் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று. இன்று அதன் கரையில் மாலை நடை செல்வோருள் பலர்க்கு அஃது ஒருகாலத்தில் மணற்குழி என்பது தெரியாது. இவ்வாறு தரையே மாறிய ஓர் ஊரில், பழைய கம்பத்து வாழ்வையும், அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த முதல் நாளின் திகைப்பையும், மின்தூக்கியில் ஏறத் தயங்கிய பாட்டியின் கையையும் நினைவில் வைத்திருப்பவர் யார்? ஆவணங்கள் ஆண்டுகளைச் சொல்லும். அந்த ஆண்டுகளில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சொல்லுபவை கதைகளே.

அக்கதைகளுக்குரிய பொருள் எங்கே கிடைக்கிறது? புளோக்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்து முதியோர் பேசும் பேச்சில் கிடைக்கிறது. உணவங்காடி நிலையத்தில் தேத்தண்ணீர்க் குவளையை முன்வைத்துக்கொண்டு இருவர் கடனைப் பற்றிப் பேசுவதில் கிடைக்கிறது. ஆலயத்தில் அன்னதான வரிசையில் நிற்கும் தாய்மார் மகளின் திருமணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் கிடைக்கிறது. யாரென்று அறியப்படாத எழுத்தாளர் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பார். அவர் முன்னிலையில் எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

ஒரு பரிசு கிடைக்கிறது. நாளிதழில் படம் வருகிறது. தொலைக்காட்சியில் ஒரு நேர்காணல் ஒளியேறுகிறது. மறுநாள் முதல் அந்த மேசை மாறிவிடுகிறது. சிலர் எழுந்து வந்து கை குலுக்குவர். சிலர் பேச்சை நிறுத்திக்கொள்வர். வேறு சிலரோ, "எங்கள் குடும்பத்துக் கதையைக் கேட்டால் பத்து நாவல் எழுதலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வர். அன்பினால் நிகழ்வனவே இவை மூன்றும். ஆயினும், மூன்றும் சேர்ந்து அவர்க்கு எழுத்தின் ஊற்றையே அடைத்துவிடக் கூடும். கேட்பவராய் இருந்தவர் பார்க்கப்படுபவராகிவிடுகிறார். தேநீரை ஆறவிட்டுப் புன்னகை செய்யக் கற்க வேண்டிய நிலை அவர்க்கு வந்துவிடுகிறது.

இரு அயல்நாட்டுச் சான்றுகள்

இந்த இடர்ப்பாடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்னும் மலையூர் உள்ளது. அவ்வூரில் பிறந்த தாமஸ் உல்ஃப் என்பவர் 1929ஆம் ஆண்டு தம் முதல் நாவலை வெளியிட்டார். ஊரின் பெயரை மாற்றியிருந்தாரே ஒழிய, மனிதர்களை அதிகம் மாற்றவில்லை. ஊரார் பக்கத்துக்குப் பக்கம் தங்களையும் தங்கள் அண்டை வீட்டாரையும் அடையாளம் கண்டுகொண்டனர். சினம் மூண்டது. உல்ஃப் ஏழாண்டுகளுக்கும் மேலாக ஊருக்குத் திரும்பவில்லை. 1937ஆம் ஆண்டு அவர் திரும்பியபோது காற்று திசை மாறியிருந்தது. அவர் புகழ்பெற்றுவிட்டார், ஊர் அவரைக் கொண்டாடியது. நாவலில் தங்களைச் சேர்த்ததற்காக முன்னர்ச் சினந்தோர் போக, தங்களைச் சேர்க்காமல் விட்டதற்காக வருந்தியோரும் இருந்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. அவ்வாண்டுக் கோடையில் ஊருக்கருகே ஒரு மரக் குடிலை வாடகைக்கு எடுத்து அமைதியாக எழுத முயன்றார் அவர். காண வந்த கூட்டம் எழுதவிடவில்லை. மறு ஆண்டே அவர் தம் முப்பத்தேழாம் அகவையில் காலமானார். முதலில் ஊரின் சினம் அவரை விரட்டிற்று. பின்னர் ஊரின் அன்பு அவர் மேசையைப் பறித்துக்கொண்டது.

மற்றொருவர் எகிப்து நாட்டு நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ். கெய்ரோ நகரின் பழைய தெருக்களில் பிறந்து, அத்தெருக்களையே நாவல்களாக எழுதியவர். பல்லாண்டுகள் அரசு அலுவலராகப் பணிபுரிந்தவர். 1988ஆம் ஆண்டு அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. தாம் ஸ்டாக்ஹோம் செல்லாமல் தம் இரு மகள்களை அனுப்பிப் பரிசைப் பெற்றுக்கொண்டார். உலகப் புகழ் வந்த பின்னரும் காலை நடையையும், காப்பிக் கடையையும், நண்பர்களுடன் வாரந்தோறும் கூடும் வழக்கத்தையும் அவர் விடவில்லை. அந்த எளிமைக்கு அவர் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது. 1994ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், எண்பத்திரண்டு அகவையில், தம் வீட்டருகே கழுத்தில் கத்தியால் குத்தப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் எழுதும் வலக்கை நலிவுற்றது. சிறுபிள்ளை எழுத்துப் பழகுவதுபோல் மீண்டும் பழகி, சில வரிகளே கொண்ட மிகச் சிறிய கனவுக் கதைகளை எழுதினார். நண்பர் கூட்டத்தை அப்பொழுதும் அவர் கைவிடவில்லை. 2006ஆம் ஆண்டு மறையும்வரை கெய்ரோவின் குடிமகனாகவே வாழ்ந்தார்.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் ஓர் உண்மை புலப்படுகிறது. ஊர் ஓர் எழுத்தாளரை அறிந்துகொள்ளுதல் என்பது நன்மையாகவோ தீமையாகவோ தானே அமைந்துவிடுவதில்லை. எதைக் கொண்டு அறிந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

படிக்காமல் அறிந்துகொள்ளுதல்

தமிழகத்தில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். ஆலயத் தொடர்புடையதாகலின் அடியார்கள் பொறுமையுடன் எண்ணிப் பார்க்கத் தக்கது அது. திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராய்ப் பணியாற்றியவர். 2010ஆம் ஆண்டு அவருடைய மாதொருபாகன் என்னும் நாவல் வெளிவந்தது. நான்காண்டுகள் அது குறித்துப் பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை. 2014ஆம் ஆண்டின் இறுதியில், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்திருந்த நிலையில், நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு மக்களிடையே வழங்கப்பெற்றன. திருவிழாவையும் ஊர்ப் பெண்டிரையும் அவை இழிவுபடுத்துவதாகப் பலர் மனம் புண்பட்டனர். கடையடைப்பு நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டு சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடைபெற்ற பேச்சில் அவர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார். பின்னர், எழுத்தாளன் என்னும் நிலையில் தாம் இறந்துவிட்டதாக அறிவித்து எழுதுவதையே நிறுத்தினார், ஊரைவிட்டும் பெயர்ந்தார். 2016ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலை மூடி வைக்கும் உரிமை வாசகர்க்கு உண்டு. எழுதுவோர் எழுத வேண்டும் என்னும் கருத்தில் அத்தீர்ப்பு அமைந்தது. அதன் பின்னரே அவர் மீண்டும் எழுதலானார்.

அந்நாவலை ஏற்பதும் ஏற்காததும் படிப்போர் உரிமை. புண்பட்ட மனங்களின் வருத்தமும் உண்மையானதே. எனினும், ஒன்றை மறத்தலாகாது. பிள்ளையில்லாத ஓர் இணையரின் துயரத்தையும் அன்பையும் சொல்லும் நாவல் அது. அம்முழுக் கதையும் ஊராரில் பலருடைய கைக்குப் போய்ச் சேரவில்லை. சில பக்கங்கள் மட்டுமே போய்ச் சேர்ந்தன. தம்மிடையே ஓர் எழுத்தாளர் வாழ்கிறார் என்பதை ஊர் அறிந்துகொண்டது அந்த நாளில்தான். அறிந்துகொண்ட நாளே அவரை இழந்த நாளுமாயிற்று.

இதன் மறுபக்கத்தைக் காட்டுவது எழுத்தாளர் பாமாவின் வாழ்வு. 1992ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கருக்கு, ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அவர்தம் பேச்சு மொழியிலேயே சொன்ன நூல். தங்கள் துயரங்களை வெளியார்க்குக் காட்டிவிட்டதாக முதலில் சொந்த ஊரே சினந்தது என்றும், சில காலம் ஊருக்குள் செல்ல இயலவில்லை என்றும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். பின்னர், நூலின் நோக்கம் புரிந்தபோது அதே ஊர் அவரைத் தன்னுடையவராய் ஏற்றுக்கொண்டது. நூல் மாறவில்லை, அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஊர் அதனைப் புரிந்துகொண்டது என்பதொன்றே மாற்றம்.

ஊரும் எழுத்தாளரும் இணைந்த நிலை

இணக்கமான சான்று வேண்டின் கரிசல் மண்ணை நோக்க வேண்டும். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்பது ஒரு சிற்றூர். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவ்வூரில் பிறந்து வளர்ந்த இளமைத் தோழர்கள். முன்னவர் 1950களில் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றி, மலாயாவின் இளம் எழுத்தாளர்க்கு வழிகாட்டியவர். ஆகையால் இந்நாட்டுத் தமிழ் எழுத்துக்கும் உறவினர். அவர் மறைந்தபின் 1970ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருது அவர்க்கு வழங்கப்பெற்றது. பின்னவர் கோபல்லபுரத்து மக்கள் என்னும் நாவலுக்காக 1991ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்றார். ஒரே சிற்றூர்க்கு இரு விருதுகள்!

கி.ரா. அவர்கள் உழவர். ஊரார் பேசும் பேச்சையே எழுத்தாக்கினார். கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி 1982ஆம் ஆண்டு ஒரு வழக்குச் சொல்லகராதியையும் வெளியிட்டார். சொற்களையும் கதைகளையும் ஊராரிடமிருந்து வாங்கி, நூலாக்கி, மீண்டும் ஊராரிடமே கொடுத்தார். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த அவர் 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மறைந்தபோது, அவருடைய உடல் இடைசெவலுக்கே கொண்டுவரப்பெற்று அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றது. பின்னர்க் கோவில்பட்டியில் அவர்க்கு நினைவரங்கமும் எழுந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவரை அவருடைய மண் மறக்கவில்லை.

சிங்கப்பூரின் நிலை

இனி, இத்தீவின் நிலையைக் காண்போருக்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். இங்கு வெளிவந்து இன்று கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று சிங்கைநகர் அந்தாதி. 1887ஆம் ஆண்டு சதாசிவப் பண்டிதர் இயற்றியது. தேங்க் ரோட்டில் எழுந்தருளியுள்ள முருகப்பெருமானைப் பாடுவது. இந்நாட்டுத் தமிழ் இலக்கியம் ஆலயத்தின் வாயிலிலேயே கண்விழித்தது என்று சொன்னால் மிகையாகாது.

அடுக்குமாடி வாழ்வு புதிதாக இருந்த காலத்தில், 1969ஆம் ஆண்டு முதல் 1970ஆம் ஆண்டு வரை, சிங்கப்பூர் வானொலியில் ஐம்பத்திரண்டு வாரங்கள் ஒலித்த நகைச்சுவைத் தொடர்நாடகம் அடுக்குவீட்டு அண்ணாசாமி. அதனை எழுதியவர் புதுமைதாசன் என்னும் புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன். வாரந்தோறும் குடும்பமாக அமர்ந்து அந்நாடகத்தைக் கேட்டு, தங்கள் புளோக்கிலும் ஓர் அண்ணாசாமி இருக்கிறார் என்று சிரித்த முதியோர் பலர். அவ்வாறு சிரித்தோர் எழுதியவரின் முகத்தை அறியாமலேயே அவருடைய எழுத்தை முழுமையாய் அறிந்திருந்தனர். 2008ஆம் ஆண்டு அவர்க்கு நாட்டின் கலாசாரப் பதக்கம் வழங்கப்பெற்றது.

நாவலாசிரியர் சிங்கை மா. இளங்கண்ணன் 1938ஆம் ஆண்டு இத்தீவில் பிறந்தவர். இயற்பெயர் பாலகிருஷ்ணன். உழைக்கும் எளிய தமிழர்களின் வாழ்வைத் தொடர்ந்து எழுதியவர். 1982ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதையும், 2005ஆம் ஆண்டு கலாசாரப் பதக்கத்தையும் பெற்றார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்துத் தமிழர் வாழ்வைச் சொல்லும் அவருடைய வைகறைப் பூக்கள் 1990ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்தது. இருபதாண்டுகளுக்குப் பின்னர், 2012ஆம் ஆண்டு, ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது மீண்டும் வெளிவந்து பிற இனத்தவர் கைகளையும் எட்டியது. அண்டை வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் படிக்க இயலும் நூலை, அதே புளோக்கில் வாழும் தமிழர் படிக்காதிருத்தல் முறையாகுமா?

இக்கேள்வியின் அவசரத்தை எண்கள் உணர்த்தும். வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறிய சிங்கப்பூர்வாசிகள் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 விழுக்காடு, 2020ஆம் ஆண்டில் 2.5 விழுக்காடு. இத்துணைச் சிறிய சமூகத்தில் ஒரு நாவலாசிரியர்க்குக் கிடைக்கக் கூடிய வாசகர் எத்தனை பேர்? அவர்கள் தொலைவில் எங்கோ இருப்பவரும் அல்லர். அதே மின்தூக்கியில் ஏறி இறங்குபவர்கள். பெரிய நாடுகளின் எழுத்தாளர்க்கு முகம் தெரியாத வாசகர் இலட்சக்கணக்கில் உண்டு. இங்குள்ள எழுத்தாளர்க்கோ அண்டை வீட்டாரே வாசகர். அவர்கள் படிக்காவிடில் வேறு எவருமில்லை.

யானைமேல் ஏறிய நூல்

இந்த இடத்தில் ஆலயம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. சேக்கிழார் பெருமான் தில்லையில் பெரியபுராணத்தை அரங்கேற்றிய வரலாற்றை அடியார்கள் அறிவீர்கள். சித்திரைத் திருவாதிரை நாளில் தொடங்கிய அரங்கேற்றம் மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது என்பது மரபு. ஓராண்டுக் காலம் அடியார்களும் அரசனும் அமர்ந்து முழுமையும் கேட்டனர். நிறைவுற்ற பின்னரே நூலையும் சேக்கிழாரையும் யானைமீது ஏற்றி, சோழ மன்னன் உடன் அமர்ந்து கவரி வீச, திருவீதி வலம் வந்தனர். கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியதும், இராமகாதை திருவரங்கத்தில் அரங்கேறியதும் இம்முறையிலேயே என்று வழிவழியாகக் கூறுவர்.

யானையேற்றம் நினைவில் நிற்கும் அளவிற்கு, அதற்கு முந்தைய ஓராண்டுக் கேள்வி நினைவில் நிற்பதில்லை. தமிழர் வகுத்த முறையில் கேள்வி முதலாவது, சிறப்பு இரண்டாவது. இன்றைய மேடைகளில் இரண்டாவது முதலாகிவிட்டது. முதலாவது காணாமற் போய்விட்டது. பொன்னாடை போர்த்தப்பெறும் எழுத்தாளரின் கண்ணில் தோன்றும் மெல்லிய கூச்சத்திற்குக் காரணமும் இதுவே. தம்மை அறிந்தோர் நடுவே, தம் நூல் அறியப்படாமல் நிற்கும் தனிமை அது.

அம்முறையை மீட்டெடுப்பது கடினமன்று. பிடோக்கில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பொது நூலகம், 2017ஆம் ஆண்டு முதல் புதிய சமூக வளாகத்தில் இயங்கி வருகிறது. 1965ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350 நூல்கள், சமூகத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் கைகோத்த முயற்சியால் 2015ஆம் ஆண்டு மின்வடிவம் பெற்றன. நூல் கிடைக்கவில்லை என்று சொல்லும் நிலை இன்றில்லை. மாதம் ஒருமுறை பத்துப்பேர் கூடி, உள்ளூர் எழுத்தாளரின் நாவலில் ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தால் போதும். படிக்க இயலாத முதியோர் கேட்பர். தமிழில் தடுமாறும் பேரப்பிள்ளைகள் பாட்டியின் மடியருகே அமர்ந்து சொற்களைப் பழகுவர். திருமுறை முற்றோதலுக்கு நேரம் ஒதுக்கும் அன்பர்களுக்கு இம்முறை புதிதன்று. ஓராண்டு முடிவில் அந்த எழுத்தாளரை மேடையேற்றுங்கள். அப்பொழுது போர்த்தும் பொன்னாடைக்கு எடை இருக்கும்.

இருபாலும் கடமை

ஊரார்க்குரிய பிற கடமைகள் சிறியனவே. படித்த பின்னர்ப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அவரிடமே பண்போடு சொல்லுங்கள். கதையில் வரும் மாமியார் எந்தப் புளோக்கில் இருக்கிறார் என்று தேடாதீர்கள். ஒவ்வொரு மணவிழாவிற்கும் வாழ்த்துக் கவிதை கேட்டு அவர் மாலைகளை எடுத்துக்கொள்ளாதீர்கள். உணவங்காடியில் அவர் தனியே அமர்ந்திருந்தால், தலையசைத்து வணங்கிவிட்டு உங்கள் மேசையில் முன்போலவே உரக்கப் பேசுங்கள். அவர்க்கு நீங்கள் தரும் பெரிய கொடை அதுவாகும்.

எழுத்தாளர்க்கும் கடமை உண்டு. நம்பிக் கூறப்பட்ட மறையை அவர் அப்படியே அச்சேற்றலாகாது. ஒரு வீட்டின் துயரத்தை எடுத்தாளும்போது, அவ்வீட்டார் தலைநிமிர்ந்து நடக்க வேண்டிய தெரு அது என்பதை அவர் எண்ண வேண்டும். அதற்காக உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. உண்மையைச் சொல்லும் முறையில் கருணை இருந்தால் போதும். புகழ் வந்த பின்னரும் சந்தைக்குச் செல்ல வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அன்னதானக் கூடத்தில் ஒரு நாளேனும் இலை எடுக்க வேண்டும். ஊரறிந்தவர் என்பது அவர் பெற்ற பட்டமன்று, பட்ட கடன். அண்டை வீட்டாரின் சொற்களால் தம் நூலை நிரப்பியவர், அடுத்த நல்ல நூலால்தான் அக்கடனைத் தீர்க்க இயலும்.

அன்பர்களே! இறைவன் திருமுன் எவரும் புகழுடையவராய் நிற்பதில்லை. எல்லாரும் அடியாராகவே நிற்கின்றனர். பெயரும் விருதும் செருப்புடன் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. அந்தச் சமநிலையைச் சந்தையிலும் கீழ்த்தளத்திலும் காத்துக்கொண்டால், இவ்வட்டாரத்தின் எழுத்தாளர்கள் அச்சமும் கூச்சமும் இன்றி எழுதுவர். தூர்க்கப்பட்ட கடலும், வெட்டப்பட்ட குன்றும், அவற்றின்மேல் எழுந்த வாழ்வும் வருங்காலத் தலைமுறைக்குத் தமிழில் கிடைக்கும்.

எழுதுவோர் கை தளராதிருக்கவும், படிப்போர் கண் பெருகவும், இல்லந்தோறும் தமிழ் ஒலிக்கவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக! திருவிழா இனிது நிறைவுறுவதாக!